எழுத்துக்கு விட்ட இடம்

"வெள்ளிக்கிழமைக்குள் சாவை அனுப்பி வைக்கவும். தவறினால் எங்கள் உற்பத்தி பாதிக்கப்படும்."

கம்ப்யூட்டர் திரையில் இருந்ததை உரக்கப் படித்துவிட்டு ஜெயகிருஷ்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"என்ன மேடம் இது, காலங்காத்தால? யார் சாவை யாருக்கு அனுப்பறது?"

எதிர் மேஜையிலிருந்து அபிதகுஜாம்பாள் எட்டிப் பார்த்தாள். "சார், அவங்க டை கேட்டிருக்காங்க. இங்கிலீஷ்ல வர்ற மெயிலைத் தமிழ்ல மாத்திக் காட்டற வசதி போட்டிருக்கோம்ல, அது டைன்னதும் சாவுன்னு எடுத்துக்கிச்சு."

"நல்லா எடுத்துக்கிச்சு. அதுக்கு என்ன மார்க் போடப் போறீங்க?"

"முட்டைதான் சார்."

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அழுத்திப் பாகங்கள் செய்கிற சின்னக் கம்பெனி அது. அந்த அச்சுக்குத்தான் டை என்று பெயர். ஜெயகிருஷ்ணன் முதலாளி. மிஷின்களைத் தவிர மற்ற எல்லாமே அபிதகுஜாம்பாள் பொறுப்பு. சம்பளம், பில், போன் முதல் கோபித்துக்கொண்டு போன ஆபரேட்டரைச் சமாதானப்படுத்திக் கூட்டி வருவது வரை. அவ்வளவு நீளப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் அபிதா மேடம் என்று சுருக்கிவிட்டார்கள்.

கம்பெனி மெயிலுக்குக் கூடுதல் வசதிகள் ஒரு கூடை நிறைய வந்து இறங்கியிருந்தன. ஒரு மாதம் எல்லாம் இலவசம். "ஓட்டிப் பாருங்க மேடம். எது உருப்படியோ அதை மட்டும் வச்சுப்போம்" என்று ஜெயகிருஷ்ணன் அந்த வேலையை அவள் தலையில் கட்டியிருந்தார். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிறவள் இதை மட்டும் சும்மா விடுவாளா? கம்பெனி மெயிலில் ஒரு பக்கம், தன் சொந்த மெயிலில் ஒரு பக்கம் என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள். பாதி வசதிகள் தேறவில்லை. பதில் எழுத நேரமில்லாதவர்களுக்குப் பதிலைத் தானே எடுத்துக் கொடுக்கும் வசதி ஒன்று இருந்தது. வழக்கமாகச் சரக்கு அனுப்புகிறவர், அப்பா தவறிவிட்டார் என்று எழுதியிருந்தார். அதற்கு அந்த வசதி ‘அருமை! வாழ்த்துகள்!’ என்று பதில் எடுத்துக் கொடுத்தது. அதற்கும் முட்டை.

அவள் மனசுக்குப் பிடித்துப்போனவை மூன்று.

முதலாவது, வாசற்காவல். தெரிந்தவர் முகவரியிலிருந்து வந்தால் மெயில் நேரே உள்ளே வரும். தெரியாத முகவரியென்றால் வெளியே ஓர் அறையில் நின்றுகொண்டிருக்கும். நாமாகப் போய்க் கதவைத் திறந்தால்தான் உண்டு. கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள், செங்கல்பட்டுக்கு அப்பால் மனை விற்கிறவர்கள், பாதி விலையில் புடவை தருகிறவர்கள் எல்லோரும் ஒரே நாளில் காணாமல் போனார்கள். அவள் நூற்றுக்கு நூறு போட்டாள்.

இரண்டாவது, அனுப்பியதைத் திரும்பப் பெறும் வசதி. அனுப்பி விட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டால், சில நொடிகளுக்குள் ஒரு பொத்தானை அழுத்தி மெயிலைப் பாதி வழியிலேயே மடக்கிவிடலாம். இதை அபிதா மேடம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், யாரும் பக்கத்தில் இல்லாதபோது சோதித்தாள். மகளின் முகவரியைப் போட்டு, ‘சாப்பிட்டியா?’ என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி, அனுப்பி, உடனே திரும்பப் பெற்றுக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். ‘மிக நன்றாக வேலை செய்கிறது’ என்று முதலாளிக்கு எழுதிக் கொடுத்தாள். எத்தனை முறை சோதித்தாள் என்பதை மட்டும் எழுதவில்லை.

மூன்றாவது, தனி மணி. முக்கியமான ஒருவரைத் தேர்ந்தெடுத்து வைத்தால், அவரிடமிருந்து மெயில் வரும்போது மட்டும் தனியாக ஒரு மணி அடிக்கும். ஜெயகிருஷ்ணன் தன் பெரிய கஸ்டமருக்கு வைத்துக்கொண்டார்; அது நாள் முழுக்கக் கணகணவென்று அடித்தது. அபிதா மேடம் ‘அ. சின்மயி’ என்ற பெயருக்கு வைத்தாள்.

"உங்க மணி எப்படி இருக்கும்னு ஒரு தடவைகூடக் கேக்கலையே மேடம்? ரிப்பேரா?" என்றார் ஜெயகிருஷ்ணன் ஒரு நாள்.

"அடிக்கும் சார்" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சின்மயி அவளுடைய ஒரே பெண். குழந்தைக்குப் பேச்சு வருவதற்கு முன்பே புருஷன் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அப்பா பெயரின் முதல் எழுத்தைத்தான் இனிஷியலாகப் போட முடியும் என்றார் அங்கிருந்த கிளார்க். "பால் குடுத்தவ நான், பீஸ் கட்றவ நான், எழுத்து மட்டும் ஓடிப்போனவனோடதா?" என்று அபிதகுஜாம்பாள் ஹெட்மிஸ்ட்ரஸ் வரைக்கும் போய் நின்றாள். கடைசியில் ‘அ. சின்மயி’ என்று எழுதவைத்துவிட்டுத்தான் வீடு திரும்பினாள். சொத்து சுகம் எதுவும் கொடுக்காத அம்மா, பெண்ணுக்குக் கொடுத்த ஒரே சீர் அந்த எழுத்துதான்.

அதைத் தானே பிடுங்கிக்கொள்கிற நாளும் வந்தது. பல் டாக்டருக்குப் படித்து முடித்த சின்மயி, கோவளத்துப் பையன் விக்கியைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றாள். பையன் நல்லவன், படித்தவன், நல்ல வேலையில் இருக்கிறவன். ஆனால் அவன் அம்மா முத்தாலம்மாள் மீன் விற்கிறவள். புருஷன் ஓடிப்போனபோது எட்டிக்கூடப் பார்க்காத சொந்தக்காரர்கள், இதற்கு மட்டும் அடித்துப் பிடித்துக்கொண்டு போன் செய்து துக்கம் விசாரித்தார்கள். ஊர் உலகத்தை எதிர்த்து ஓர் எழுத்தை வாங்கி வந்த அதே அபிதகுஜாம்பாள், அந்த ஊர் உலகத்துக்குப் பயந்து பெண்ணைப் பார்த்துச் சொன்னாள்:

"என் எழுத்தை இனிமே உன் பேருக்கு முன்னாடி போட்டுக்காதே. அது என் பொண்ணுக்குக் குடுத்தது. மீன்காரி மருமகளுக்குக் குடுக்கல."

சின்மயி அன்றைக்கே வீட்டை விட்டுப் போய்விட்டாள். அதன்பிறகு வந்த அழைப்புகளை அம்மா எடுக்கவில்லை. கோபத்தில் நம்பரை பிளாக்கும் செய்தாள். கோபம் தணிந்து பிளாக்கை எடுத்தபோது அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு நின்று போயிருந்தது. மூன்று வருஷமாகிறது. அவர்கள் பெரும்பாக்கத்தில் இருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அபிதகுஜாம்பாள் இருப்பது தாம்பரம் கிழக்கில். ஒரே பஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அந்த பஸ்ஸில் ஏறியும் விட்டாள். மேடவாக்கம் வந்ததும் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, திரும்பி வந்துவிட்டாள். போனவள்தானே முதலில் பேசவேண்டும் என்று ஒரு வீம்பு. ஆனாலும் காலையில் கண் விழித்ததும் கை மெயிலைத்தான் திறக்கும். ‘அ. சின்மயி’ என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பல் தேய்ப்பாள். பெண் முகம் பார்க்காமல் வீடு வெறிச்சென்று கிடந்தது. வெண்டைக்காய் சாம்பார் வைப்பதையே அவள் விட்டுவிட்டாள். அது சின்மயிக்குப் பிடித்தது.

அன்றைக்குப் பதினோரு மணிவாக்கில் ஜெயகிருஷ்ணனுக்கு ஒரு போன் வந்தது. பேசி முடித்தவர் முகம் சிவந்திருந்தது.

"மேடம், ஓசூர்ல புதுசா ஒரு கம்பெனி நம்மகிட்ட விலை கேட்டு மெயில் மேல மெயில் போட்டிருக்கான். பதிலே இல்லைன்னு ஆர்டரை வேற ஆளுக்குக் குடுத்துட்டான். எங்க போச்சு அந்த மெயிலெல்லாம்?"

அபிதா மேடம் நாற்காலியைத் திருப்பினாள். "வாசற்காவல்ல நின்னிருக்கும் சார். தெரியாத முகவரின்னா உள்ள விடாது."

"புதுசா வர்ற ஆர்டர் தெரியாத ஆள்கிட்டருந்துதானே மேடம் வரும்! வந்தவனை எல்லாம் வாசல்லயே நிக்க வச்சிட்டு, ஆர்டர் வரலை, ஆர்டர் வரலைன்னு இங்க உக்காந்து புலம்பிட்டு இருந்திருக்கேனே நான்!"

அவர் சத்தம் போட்டது ஆர்டருக்காக. அவளுக்கோ அது வேறெங்கோ போய்த் தைத்தது. கம்பெனி மெயிலின் கதவைத் திறந்து அங்கே நின்றவர்களையெல்லாம் உள்ளே விட்டாள். பிறகு, என்னவோ தோன்றி, தன் சொந்த மெயிலின் வெளியறையையும் திறந்தாள்.

கடன், மனை, புடவை, மறுபடி கடன். நடுவில் ஒரு பெயர்: சின்மயி.

முன்னால் எழுத்து இல்லை. அம்மா போட்டுக்கொள்ளாதே என்று சொன்னாள் அல்லவா? பெண் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தாள். ‘அ’ இருந்த பழைய முகவரியை விட்டுவிட்டு, வெறும் சின்மயியாகப் புது முகவரி வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவோ பழைய முகவரிக்கு மணியைக் கட்டிவிட்டு, புது முகவரிக்குப் பூட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

‘அம்மா, பெரும்பாக்கத்தில் கிளினிக் வைக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை திறப்பு. சர்டிபிகேட்டில் உன் எழுத்து இருக்கிறது, அதை மாற்ற முடியவில்லை, மன்னித்துவிடு. போர்டிலும் போட்டுக்கொள்ளலாமா? நீ வேண்டாம் என்று சொன்னதை உன்னைக் கேட்காமல் எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. ஒரு வார்த்தை எழுதினால் போதும்.’

கீழே விலாசம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை போய், இன்னொரு ஞாயிற்றுக்கிழமையும் போயிருந்தது. வேறு மெயில் இல்லை. ஒரு தடவை கேட்டுவிட்டு, பதில் இல்லை என்றதும், அதுதான் அம்மாவின் பதில் என்று அவள் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

மெயிலுக்கு அடியில், பதில் எடுத்துக் கொடுக்கும் வசதி மூன்று பொத்தான்களை வைத்துக்கொண்டு காத்திருந்தது. ‘ஆம்.’ ‘இல்லை.’ ‘பிறகு சொல்கிறேன்.’ அபிதகுஜாம்பாளின் விரல் ‘ஆம்’ வரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றது. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது தன் வாய். உள்ளே கூப்பிடுவது மட்டும் யாரோ எடுத்துக் கொடுத்த வார்த்தையா? அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சார், நான் கிளம்பறேன். லீவு போட்டுக்கோங்க."

"ஐயோ, நான் கோவத்துல ஏதோ..."

"அதில்ல சார். எனக்கும் ஒரு ஆர்டர் வாசல்ல நிக்குது."

தாம்பரத்தில் பஸ் ஏறினாள். சேலையூர் போயிற்று. மேடவாக்கம் வந்ததும் கால் பழக்கதோஷத்தில் இறங்கப் பார்த்தது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிளினிக், செல்போன் கடைக்கும் டிபன் கடைக்கும் நடுவில் இருந்தது. மேலே புதுப் போர்டு. ‘டாக்டர்’ என்று இருந்தது. ‘சின்மயி’ என்று இருந்தது. இரண்டுக்கும் நடுவில் பல் விழுந்தது போல ஓர் இடைவெளி.

வாசலில் மேஜை போட்டு, கனத்த உடம்பும் மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தியுமாக ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா, புச்சா, பழ்சா?"

எல்லா ஆஸ்பத்திரியிலும் கேட்கிற கேள்விதான். தான் இரண்டில் எது என்று அபிதகுஜாம்பாள் யோசித்தாள்.

"உன்னத்தாம்மா கேக்கறேன். இதுக்கு முன்ன வந்துகிறியா, இல்ல இப்பத்தான் வர்றியா?"

"இப்பத்தான் வரேன்" என்றாள் மெதுவாக.

"அப்ப புச்சு. தோ, ஃபேனுக்குக் கீய குந்து. உள்ள ஆளு கீது. டோக்கன் குடுக்கற பொண்ணு இன்னிக்கு லீவு, அதான் நான் குந்திகினு கீறேன். எனக்கு யாவாரம் காலையோட முடிஞ்சிடும். டாக்டரு என் மருமவ."

ஆக, இவள்தான் முத்தாலம்மாள். எந்தப் பெயரைச் சொல்லிப் பெண்ணைத் துரத்தினாளோ, அந்த மீன்காரி தன் சேரை நகர்த்தி, மேஜை விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

"போர்டுல... நடுவுல எழுத்து விட்டுப்போயிருக்கே" என்றாள் அபிதகுஜாம்பாள்.

"வர்றவங்க எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. போர்டுக்காரன் சிரிக்கறான். வுட்டுப்போவலம்மா, வுட்டு வெச்சுகிது. அது அவங்க அம்மா எழுத்து. அவங்க சரின்னு சொன்னாத்தான் போடுவேன்னு ஒரே அடம். என் புள்ள எழுத்தப் போட்டுக்கோயேன்னு நான் சொன்னேன். வாணாம் அத்தே, அந்த எடம் அப்படியே இருக்கட்டும்னுச்சு."

"நீங்க கோவிச்சுக்கலையா?"

"இன்னாத்துக்கு? பெத்தவள மறக்காத பொண்ணு, நாளைக்கு என்ன மறந்துடுமா? எங்க வூட்ல மீன் கொயம்பு இல்லாத நாளே கெடையாது. மூக்கப் புடிக்காம குந்தி எங்ககூட பேசிகினு இருக்கும். அதுக்குன்னு நான் வெண்டக்கா சாம்பார் கத்துகினேன். நல்லாத்தான் கீது, ஆனா எங்கம்மா வெக்கற மாதிரி இல்லன்னு சொல்லும். திமிரப் பாத்தியா!"

முத்தாலம்மாள் தானே சொல்லித் தானே சிரித்தாள். அபிதகுஜாம்பாளின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டிற்று.

"ஐயே, அய்வாதம்மா. பல்லு வலின்னா அப்டித்தான், ஆம்பளையே அய்துடுவான். எந்தப் பக்கம்?"

எந்தப் பக்கம் என்று சொல்லுவாள்? தலையை மட்டும் ஆட்டினாள். உள்ளேயிருந்த ஆள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வர, முத்தாலம்மாள் அவள் முழங்கையைத் தாங்கி உள்ளே கொண்டுபோய்ச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனாள்.

சின்மயி முதுகைக் காட்டி நின்று கை கழுவிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். பின்னலை எப்போதும்போல் ஒரு பக்கமாக முன்னால் எடுத்துப் போட்டிருந்தாள். அம்மா பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லுங்க, எங்க வலிக்குது?"

சின்மயி முகமூடியை ஏற்றிக்கொண்டு, தட்டிலிருந்த கருவிகளைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பயப்படாதீங்க. வாயைத் திறங்க."

"திறக்கறேன்டி" என்றாள் அபிதகுஜாம்பாள். "மூணு வருஷமா மூடி வச்சிருந்த வாய். திறக்கத்தான் வந்தேன்."

சின்மயியின் கையிலிருந்த கருவி தட்டில் விழுந்து உருண்டது. திரும்பினாள். முகமூடிக்கு மேல் கண் மட்டும்தான் தெரிந்தது; அது போதுமாயிருந்தது. பெண் நாற்காலியோடு சேர்த்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். சத்தம் கேட்டு, பல்லைத்தான் பிடுங்கிவிட்டாளோ என்று முத்தாலம்மாள் கதவைத் திறந்தவள், அப்படியே நின்றாள்.

"மெயில் பார்த்தியாம்மா?"

"இன்னிக்குத்தான் பார்த்தேன். தெரியாதவங்களை வெளிய நிறுத்தற வசதி ஒண்ணு போட்டிருந்தேன். உன்னையும் சேர்த்து நிறுத்திடுச்சு." அபிதகுஜாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மெஷின் மேல பழி போட்டா பாவம். உன்னைத் தெரியாதவளா ஆக்கினது நான்தானே? நான் சொன்னதைத்தான் அது செஞ்சுது."

பிறகு அவள் கதவோரம் நின்ற முத்தாலம்மாளைப் பார்த்துக் கை கூப்பினாள்.

"உங்களைப் பார்க்காமலே, உங்க தொழிலையும் ஜாதியையும் பார்த்து எம் பொண்ணை வெளிய தள்ளினேங்க. இப்ப உங்க வாசல்ல டோக்கனுக்கு உக்காந்தப்பத்தான் புரிஞ்சுது. பெத்த பிள்ளையை, யாரைக் கட்டிக்கிட்டாங்கறதுக்காக வெளிய நிறுத்தினா, அது வெளிய நிக்கறதில்ல. நாமதான் நிக்கறோம். அதுங்க நமக்கு எடம் விட்டுத்தான் வச்சிருக்கும். அவ முதல்ல பேசட்டும், நான் அப்புறம் பேசறேன்னு நாமதான் நாளை ஓட்டறோம். ஊர்ல எத்தனை அம்மா அப்பா இப்படி வீம்பைக் கட்டிக்கிட்டு அழுதிட்டிருக்காங்களோ, எல்லார்க்கும் சொல்லணும் போல இருக்கு: போய் நில்லுங்க, கதவு திறந்துதான் இருக்கும்."

முத்தாலம்மாள் அவள் கூப்பிய கையைப் பிரித்து இறக்கினாள். "அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம் சம்பந்தி. மொதல்ல அந்த எழுத்தப் போடு. போர்டுக்காரன் சிரிப்பத் தாங்க முடியல."

எழுத்து மேஜை இழுப்பறையிலேயே இருந்தது. போர்டுக்காரன் போர்டு மாட்டிய அன்றைக்கே வெட்டி, பின்னால் டேப் ஒட்டி, புள்ளியோடு கொடுத்துவிட்டுப் போயிருந்தான். முத்தாலம்மாள் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, ஐம்பது வயசைத் தாண்டிய அபிதகுஜாம்பாள் புடவையைச் செருகிக்கொண்டு மேலே ஏறினாள். டிபன் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அந்த இடைவெளியில் ‘அ’வை வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள்.

சின்மயி ரோட்டில் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"கொஞ்சம் கோணலா இருக்கும்மா. எடுத்துட்டு மறுபடி ஒட்டலாமா?"

"எடுக்காதே" என்றாள் அம்மா. கையை இன்னும் எழுத்தின் மேலேயே வைத்திருந்தாள். "ஒரு தடவை எடுத்தது போதும்."